கைலிக்கும் கடையில் இடம் உண்டு



சென்ற மாதம் நடந்த நமது செயற்குழுக் கூட்டத்தில் இளைய உறுப்பினர் ஒருவர் ஒரு யோசனையை முன்வைத்தார். சூப்பர் மார்க்கெட்டுகளில் ஊழியர்கள் பேண்ட், சட்டையோடு ஒரே சீராக நிற்கிறார்கள். நமது கடைகளிலோ பையன் கைலியோடு பொட்டலம் மடிக்கிறான், லோடுமேன் கைலியைத் தொடைக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்குகிறார். பார்க்கிறவர்கள் மதிப்பார்களா? ஆகவே உறுப்பினர்களின் கடைகளில் வேலை செய்வோர் அனைவரும் பேண்ட் அணிந்தே வர வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட வேண்டும் என்றார். பலர் கை தட்டினார்கள். முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் நமது கருத்தை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

அந்த உறுப்பினர் மீது நமக்கு வருத்தம் ஏதும் இல்லை. அவர் சொன்னதை நாமே செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள்.

2019ல் நமது மகன் படிப்பை முடித்து மண்டிக்கு வந்தார். கடைக்குப் புது பெயிண்ட், கம்ப்யூட்டர் பில், கண்ணாடி மேஜை எல்லாம் வந்தன. கூடவே யூனிபார்மும் வந்தது. ஏழு பேருக்கு ஆளுக்கு இரண்டு செட், கருநீல பேண்ட், வெளிர்நீலச் சட்டை. டெய்லரைக் கடைக்கே வரவழைத்து அளவெடுத்தோம். முதல் நாள் எல்லோரும் வரிசையாக நின்றபோது நமக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போட்டோகூட எடுத்தோம்.

அது பங்குனி மாதம். வத்தல் வரத்து மும்முரமாக இருக்கும் நேரம். நமது கிட்டங்கியில் இருபத்திரண்டு வருடமாக மூட்டை தூக்கியவர் ஒருவர் இருந்தார். வத்தல் கிட்டங்கிக்குள் அந்த மாதத்தில் பத்து நிமிடம் நின்றவர்களுக்குத் தெரியும், நெடி எப்படி இருக்கும் என்று. கைலி கட்டியவர் வெளியே வந்து இரண்டு உதறு உதறினால் தூள் பறந்துவிடும். காற்றும் உள்ளே போகும். பேண்ட்டுக்குள் நுழைந்த மிளகாய்த் தூள் வியர்வையோடு சேர்ந்து அங்கேயே நிற்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் கைலியில் வந்து, மூட்டைகளுக்குப் பின்னால் போய் பேண்ட் மாற்றிக்கொண்டு வேலை பார்த்தார். இரண்டு வாரம் கழித்து ஆள் வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். தொடை இரண்டும் புண்ணாகி மஞ்சள் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நம்மைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார்.

“மொதலாளி, மூட்டை எத்தன வேணாலும் தூக்குறேன். அந்தக் கால்சட்டய மட்டும் வேண்டாம்னு தம்பிகிட்டச் சொல்லுங்க” என்றார்.

நமக்குத் தலை குனிவாகிவிட்டது. காரணம், அந்த இரண்டு வாரமும் நாம் என்ன உடுத்தியிருந்தோம்? எட்டு முழ வேட்டி. மின்விசிறிக்கு அடியில், கல்லாவில், காற்றாட வேட்டியில் உட்கார்ந்துகொண்டு, வத்தல் கிட்டங்கியில் நிற்கிறவருக்குப் பேண்ட் மாட்டிவிட்டோம். மகனைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டார், நாம்தான் தலையாட்டினோம்.

அதற்குப் பிறகு ஆண்கள் இடுப்பில் கட்டும் துணியைப் பற்றிய செய்தி கண்ணில் பட்டால் விடாமல் படிப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. அப்படிப் படித்ததில் ஸ்காட்லாந்து நாட்டுக் கதை நம் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

அங்கே மலைநாட்டு ஆண்கள் கில்ட் என்ற பாவாடை போன்ற உடையை அணிகிறார்கள் என்பது பலருக்கும் தெரியும். ஆரம்பத்தில் அது தைத்த பாவாடை அல்ல, நீளமான ஒரே கம்பளித் துணி. பகலில் மடிப்பு வைத்து இடுப்பில் வாரால் கட்டி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். இரவில் அவிழ்த்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். நம் ஊர்ச் சந்தைக்கு மாடு ஓட்டி வந்த பெரியவர்கள் உடுத்திய வேட்டியையே போர்த்திப் படுத்தது போலத்தான். அதில் பை கிடையாது என்பதால் இடுப்பு வாரிலிருந்து முன்பக்கம் ஒரு தோல் பை தொங்கவிடுவார்கள், ஸ்போரன் என்று பெயர். நமக்கு மடி இருந்தது, அவர்களுக்கு அந்தப் பை. பர்மாவில் லுங்கி கட்டும் ஆண்கள் பணப்பையை இடுப்பின் பின்பக்கம் செருகிக்கொள்கிறார்கள். காசு வைக்க எந்த நாட்டு மனிதனும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவான்!

1745ல் அந்த மலைநாட்டு மக்களில் ஒரு பகுதியினர் அரசுக்கு எதிராகக் கிளம்பினார்கள். 1746ல் கல்லோடன் என்ற இடத்தில் தோற்றார்கள். அதே ஆண்டு லண்டன் பாராளுமன்றம் சட்டம் போட்டது. மலைநாட்டு உடையை ஆண்கள் அணியக் கூடாது. அணிந்தால் ஆறு மாதம் சிறை, மறுபடியும் அணிந்தால் ஏழு வருடம் நாடு கடத்தல். அரசனின் பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. இந்தத் தடை 1782ல்தான் நீங்கியது.

நீங்கிய பிறகு நடந்ததுதான் விசேஷம். ஒரு தலைமுறைக்கு மேல் கால்சட்டைக்குப் பழகிவிட்ட ஏழை ஜனங்கள் பெரும்பாலும் பழைய உடைக்குத் திரும்பவில்லை. பிரபுக்களும் பட்டணத்துக் கனவான்களும் அதை விழா உடையாக எடுத்துக்கொண்டார்கள். 1822ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் வரவேற்பு ஏற்பாடுகளைக் கவனித்தார். மன்னரே கில்ட் கட்டிக்கொண்டு நின்றார். கட்டத் துணிக்குக் கிராக்கி ஏறியது. பானக்பர்ன் ஊரில் வில்சன் என்ற குடும்பத்தார் பட்டாளத்துக்குக் கட்டத் துணி நெய்து கொடுத்துப் பெரிய வியாபாரிகளாகியிருந்தார்கள். எந்தக் கட்டத்துக்கு எந்த நிறத்தில் எத்தனை இழை என்று 1819லேயே ஒரு மாதிரிப் புத்தகம் எழுதி வைத்தவர்கள் அவர்கள். சரக்கு தயாராக இருந்தவனுக்குத்தானே வியாபாரம்.

இன்று அந்த நாட்டில் கில்ட் கல்யாணத்தில் இருக்கிறது, ரக்பி பந்தயத்தில் இருக்கிறது, பேண்டு வாத்தியக்காரர்களிடம் இருக்கிறது. நல்ல கம்பளியில் தைத்தால் 8 கஜம் துணி பிடிக்கும், விலையும் அதற்குத் தக்கபடி. வாடகைக்கு எடுத்துக் கட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் ஆடு மேய்க்கவும் மூட்டை தூக்கவும் அதைக் கட்டுகிறவரைப் பார்ப்பது அரிது. பெருமை கூடியது, புழக்கம் போய்விட்டது.

நமது வேட்டிக்கும் இதே வழிதான் போடப்பட்டு வருகிறது. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் அவர்கள் சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்கக் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் போய், உள்ளே விட மறுத்துத் திருப்பி அனுப்பப்பட்ட சம்பவம் நினைவிருக்கும். தமிழ்நாடு முழுவதும் கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், கிளப்பின் உரிமமும் ரத்தாகும். நாமும் அன்றைக்கு மகிழ்ந்தோம். ஆனால் அந்தச் சட்டத்தைக் கொண்டாடிய நம்மில் எத்தனை பேர் திங்கட்கிழமை காலையில் வேட்டியில் கடை திறக்கிறோம்? கல்யாணம், பொங்கல், சங்க ஆண்டுவிழா என்றால் கரை போட்ட வேட்டி. மற்ற நாளில் பேண்ட். பெல்ட்டுக்குப் பதில் ஒட்டுப்பட்டை வைத்த வேட்டி கடைகளில் விற்கிறது என்றால், கட்டத் தெரியாதவர்கள் பெருகிவிட்டார்கள் என்றுதானே பொருள்?

தினமும் உழைக்கிற இடத்தில் இன்னும் உயிரோடு இருப்பது கைலிதான். மூட்டுப் போட்ட இரண்டு மீட்டர் துணி. அதைத்தான் நாம் மட்டமாகப் பார்க்கிறோம். நீதிபதியின் வேட்டிக்குக் கொதித்த நாமே, கைலி கட்டியவரைக் கடையின் பின்வாசல் வழியாக வரச் சொல்கிறோம். பிஜித் தீவில் அலுவலகம் போகிற ஆண்கள் பை வைத்துத் தைத்த சுலு என்ற பாவாடை உடைக்கு மேல் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு போகிறார்கள். அங்கே அணிவகுப்பில் நிற்கும் போலீஸ்காரர் கட்டியிருப்பதும், கீழ் ஓரம் ரம்பப் பல் போல வெட்டிய வெள்ளைச் சுலுதான். மதிப்புக் குறைவாக யாரும் நினைப்பதில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மாவு மில், எண்ணெய் செக்கு வைத்திருக்கும் உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓடுகிற பெல்ட்டில் துணி நுனி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் போடவோ போகிறவர் உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும் என்றது. அங்கே கைலியும் கூடாது, வேட்டியும் கூடாது. முதலாளியே ஆனாலும் கூடாது. பைக்கில் டெலிவரி கொண்டுபோகிற பையன்களுக்கும் அப்படித்தான், சக்கரம் கைலியைப் பார்த்து ஒதுங்காது.

பெண்கள் வந்து போகிற கடை, ஏற்றிக் கட்டிக்கொண்டு நிற்பது நன்றாக இல்லை என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். சரியான பேச்சு. இதற்கு நமது தந்தையார் காலத்துக் கணக்குப்பிள்ளை ஒரு பழக்கம் வைத்திருந்தார். உள்ளே வேலை பார்க்கும்போது மடித்துக் கட்டலாம், அடியில் டவுசர் கட்டாயம். தாய்மார்கள் படியேறினால் அவர் தொண்டையைக் கனைப்பார், பையன்கள் உடனே இறக்கிவிட வேண்டும். 1976ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுக் கடைக்கு வந்த நமக்கும் அதே கனைப்புத்தான், முதலாளி மகன் என்று சலுகை கிடையாது.

சில்லறைக் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. வயலிலிருந்து நேரே வருகிற விவசாயி, கைலியில் சேறோடு நிற்கிறவர், கண்ணாடிக் கதவு போட்ட கடையின் முன்னால் ஒரு நிமிடம் தயங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். நமது கடையில் அவர் தயங்குவதில்லை. “அண்ணாச்சி, ரெண்டு கிலோ சீனி” என்று குரல் கொடுத்துக்கொண்டே வருகிறார். உள்ளே நிற்கிறவனும் தன்னைப் போலவே இருக்கிறான் என்பதும் அதற்கு ஒரு காரணம். பெரிய கடைகளோடு நாம் விலையில் போட்டி போடத் திணறுகிற நாளில், இருக்கிற இந்த ஒன்றையும் நாமே தீர்மானம் போட்டு இழக்க வேண்டுமா?

நமது மண்டியில் இப்போது ஒரே நிறச் சட்டை, பெயர் எழுதிய ஏப்ரன். கீழே பேண்ட்டோ, வேட்டியோ, துவைத்த கைலியோ அவரவர் விருப்பம். வாரத்துக்கு ஒரு சோப்பும் துவைக்கிற கூலியும் கடைக் கணக்கில். அந்த லோடுமேன் 2023 வரை நம்மோடு இருந்துவிட்டு, முட்டி வலியால் நின்றுகொண்டார். அவருக்குத் தைத்த இரண்டு பேண்ட்டும் இன்னும் கிட்டங்கி ஆணியில் தொங்குகின்றன. எடுத்துவிடலாம் என்று மகன் சொன்னார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம்.

அடுத்த கூட்டத்தில் வரவிருக்கும் தீர்மானத்தில் ‘பேண்ட்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘வேலைக்கு ஏற்ற சுத்தமான உடை’ என்று திருத்தினால் நாமே முன்மொழியத் தயார். திருத்தாவிட்டால் எதிர்த்து வாக்களிப்போம். வேட்டியில்தான் வருவோம்.