ரயிலுக்கு வளையம், நமக்கு வெறும் பலகை

மலையக ரயில் பாதையை ஒட்டியுள்ள தோட்டங்களில் நம்மவர்கள் தினமும் தண்டவாளத்தைக் கடக்கிறார்கள். காலையில் பிரட்டுக்குப் போகிறவர்கள், கொழுந்து நிறுக்கப் போகிறவர்கள், பாடசாலைப் பிள்ளைகள், கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணிகள், கடைக்குப் போகும் முதியவர்கள் என எல்லாரும் அதில் அடக்கம். இந்தக் கடவைகள் பலவற்றில் பாதுகாப்பு என்று சொல்ல ஒரு பலகைதான் இருக்கிறது. அதுவும் துருப்பிடித்து எழுத்து அழிந்திருக்கும். சில இடங்களில் பலகையே இல்லை.

யாராவது அடிபட்டால் நாம் கேட்பது ஒரே பேச்சுத்தான்: "கவனமாகப் போயிருக்க வேண்டும்." இறந்தவர் மீதே குற்றம் சுமத்திக் கோவையை மூடிவிடுகிறார்கள். இந்தப் பேச்சுக்கு நாம் இப்போது பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒரு விடயத்தைப் பார்ப்போம். மலையகப் பாதை ஒற்றைப் பாதை. ஒரே தண்டவாளத்தில்தான் ஏறும் ரயிலும் இறங்கும் ரயிலும் ஓட வேண்டும். அவை நேருக்கு நேர் மோதாமல் இருப்பது எப்படி? ஹட்டனிலோ நானுஓயாவிலோ மேடையில் நின்றவர்கள் பார்த்திருப்பீர்கள். நிலைய ஊழியர் பெரிய வளையம் ஒன்றை நீட்டுவார், ரயில் சாரதிப் பக்கத்திலிருந்து கையை விட்டு அதை வாங்கிக்கொள்வார்கள். அந்த வளையத்தோடு சேர்ந்த பைக்குள் ஓர் உலோகத் தட்டு இருக்கும். அதற்கு டெப்லட் என்று பெயர். அந்தத் தட்டு கையில் இல்லாமல் சாரதி அடுத்த நிலையம் வரையுள்ள பாதைக்குள் நுழையக் கூடாது. இரண்டு நிலையங்களிலும் உள்ள இயந்திரங்கள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு தட்டு வெளியே இருக்கும்போது இன்னொன்றை எடுக்கவே முடியாது. இது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. இன்றும் அதை நம்பித்தான் நம் மலைகளில் ரயில் ஓடுகிறது.

நிலையத்துக்கு வெளியே கம்பத்தில் நிற்கும் கைகாட்டியையும் பாருங்கள். நிலையத்தில் ஒருவர் நெம்புகோலை இழுத்தால், நெடுந்தூரம் ஓடும் இரும்புக் கம்பி அந்தக் கையை அசைக்கிறது. கம்பி அறுந்து போனாலும் கை 'போகலாம்' என்று காட்டாது. எடையின் இழுப்பில் தானாகவே 'நில்' என்ற நிலைக்குத் திரும்பும். பழுதானாலும் ஆபத்து என்றே காட்ட வேண்டும் என்பது ரயில்வேயின் பழைய பாடம்.

ஆக, ஒரு ரயில் இன்னொரு ரயிலில் மோதாமல் இருக்க இவர்கள் யாருடைய கவனத்தையும் நம்பவில்லை. "சாரதி கவனமாகப் போக வேண்டும்" என்று பலகை எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. மனிதன் மறப்பான், களைப்பான், பனிமூட்டத்தில் கண் தெரியாது என்று அறிந்து, இயந்திரத்தைக் காவலுக்கு வைத்தார்கள். அப்படியானால் அதே பாதையைக் கூடையோடு கடக்கும் பெண்ணுக்கு மட்டும் ஏன் வெறும் கவனம் போதும் என்கிறார்கள்? அவர் மறக்க மாட்டாரா, களைக்க மாட்டாரா?

பிள்ளைகளுக்கு வகுப்பில் கொடுக்கும் கணக்கு ஒன்றை இங்கே போட்டுப் பார்ப்போம். ரயில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது செக்கனுக்கு 8 மீற்றருக்குச் சற்று அதிகம். நம் பாதையில் வளைவுகள் அதிகம். மண்மேடும் மானாப்புல்லும் மறைக்கும் ஒரு வளைவில் 60 மீற்றர் தூரத்தில்தான் ரயில் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், கடப்பவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 7 செக்கன். ஒரு கரையில் ஒதுங்கி நிற்கும் இடத்திலிருந்து மறுகரையில் ஒதுங்கும் இடம் வரை 5 மீற்றர் என்று கொள்வோம். நல்ல கால் உள்ள இளைஞருக்கு அது 4, 5 செக்கன் வேலை. ஈரச் சிலிப்பர் கட்டையிலும் சல்லிக் கல்லிலும் கால் வைத்துப் போகும் ஒரு பாட்டிக்கு, முதுகில் கொழுந்துச் சுமையோடு போகிறவருக்கு, 10 செக்கன் ஆகும். பத்துச் செக்கன் தேவைப்படுபவருக்கு ஏழு செக்கன் கொடுத்துவிட்டு, "கவனம்" என்று சொல்லி என்ன பயன்? எவ்வளவு கவனமாக இருந்தாலும் கணக்கு உதைக்கிறதே.

"ரயில் ஊதுகிறதே, காது கேட்கவில்லையா?" என்பார்கள். மழை நாளில் தலையை மூடிய பொலித்தீன் மேல் தண்ணீர் அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்பதில்லை. ஊதும் சத்தம் மலையில் பட்டுத் திரும்பும்போது, கோச்சி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று புரியாது. இறக்கத்தில் வரும் ரயிலின் இயந்திரச் சத்தமும் குறைவு. ஊதுகுழல் ரயிலோடு சேர்ந்து வளைவுக்கு அப்பால் இருக்கிறது. மணி அப்படியல்ல, அது கடவையிலேயே நிற்கும். கடக்கப் போகிறவரின் காதருகே அடிக்கும். வித்தியாசம் இதுதான்.

இப்படி ஒரு மணியை அமைப்பது வானத்தை வில்லாக வளைக்கும் வேலையல்ல. கடவைக்கு 250 மீற்றர் முன்னால் தண்டவாளத்தோடு ஒரு மிதிநெம்பு வைத்தால், ரயில் சக்கரம் அதை அழுத்தியதும் கடவையில் மணி அடிக்கத் தொடங்கும். நாம் போட்ட அதே கணக்கின்படி அது 30 செக்கன் அவகாசம். பாட்டிக்கும் போதும், பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் போதும். மின்கலத்தில் ஓடும், சூரிய ஒளியில் மின்கலம் நிறையும். தண்டவாளத்திலேயே மெல்லிய மின்சாரத்தை ஓடவிட்டு ரயில் வருவதை அறியும் முறை 1872 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வில்லியம் ரொபின்சன் என்பவரால் கண்டுபிடிக்கப்பட்டது. எந்த முறை நம் மலைக்குப் பொருந்தும் என்பதைப் பொறியியலாளர்கள் தீர்மானிக்கட்டும். முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

மணியை மட்டும் மாட்டிவிட்டால் போதுமா? போதாது. தொழிற்சங்கக்காரர்களான நாம் இதில் தெளிவாக இருக்க வேண்டும்.

1909 ஆம் ஆண்டளவில் தென் கலிபோர்னியாவில் ஒரு மின்சார ரயில் கம்பனியின் பொறியியலாளர் அல்பர்ட் ஹன்ட் ஓர் எச்சரிக்கைக் கருவி செய்தார். ரயில் வரும்போது சிவப்பு விளக்குப் பொருத்திய வட்டத்தகடு ஒன்று இடமும் வலமும் ஆடும், கூடவே மணி அடிக்கும். ஏன் ஆடும்படி செய்தார்? கடவைக் காவல்காரர் கையில் லாந்தரைப் பிடித்து ஆட்டுவதைப் பார்த்துத்தான். இயந்திரம் ஒரு தொழிலாளியின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆனால் அந்தத் தொழிலாளியின் கண்ணையும் அறிவையும் அது கற்றுக்கொள்ளவில்லை.

அதற்கு 1968 ஜனவரி 6 ஆம் திகதி இங்கிலாந்தில் ஹிக்சன் என்ற இடத்தில் நடந்தது சாட்சி. அங்கே கடவைக் காவல்காரர் இல்லை. தானியங்கித் தடுப்பும் மணியும்தான். ரயில் வருவதற்கு 24 செக்கன் முன்னால் எச்சரிக்கை தொடங்கும். 120 தொன் மின்மாற்றியை ஏற்றிய நீண்ட வாகனம் ஒன்று நடை வேகத்தில் கடந்துகொண்டிருந்தது. அதற்கு 24 செக்கன் போதவில்லை. ரயில் மோதி 11 பேர் இறந்தார்கள். கருவி பழுதாகவில்லை, சொன்னபடியே வேலை செய்தது. ஆனால் கடவையில் யார் நிற்கிறார், அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று பார்க்க அங்கே ஆள் இல்லை.

நம் நாட்டில் ஆள் நிறுத்தியது எப்படி என்றும் பார்க்க வேண்டும். 2005 ஏப்ரல் 27 ஆம் திகதி பொல்கஹவெலைக்கு அருகே யங்கல்மோதரக் கடவையில் பஸ் மீது ரயில் மோதி முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாடு மறந்திருக்காது. பாதுகாப்பற்ற கடவைகளுக்குக் காப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். எப்படி? ரயில்வே ஊழியராக அல்ல. பொலிஸ் ஊடாக, நாளுக்கு 250 ரூபா கொடுப்பனவில். நாம் 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காகத் தெருவில் நின்ற ஆண்டுகளில், நூற்றுக்கணக்கான உயிர்களைக் கையில் வைத்திருந்த அந்த மனிதர்கள் 250 ரூபாவுக்கு வெயிலிலும் மழையிலும் நின்றார்கள். நிரந்தர நியமனம் கேட்டு வடக்கிலும் மற்ற இடங்களிலும் அவர்கள் போராடினார்கள். அது நம் போராட்டமும்தான். அரை வயிற்றோடு நிற்கும் காவலாளி முழுக் காவல் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

ஆகவே மணி வந்தால் ஆள் வேண்டாம் என்றோ, ஆள் இருந்தால் மணி வேண்டாம் என்றோ நம்மிடம் பேரம் பேச விடக்கூடாது. வாகனங்களும் பாடசாலைப் பிள்ளைகளும் அதிகம் கடக்கும் இடத்தில் இரண்டும் வேண்டும். ஒற்றையடிப் பாதைகளில் குறைந்தது மணி வேண்டும். அந்த மணியைப் பராமரிக்கப் பெயர் குறித்த ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். ஏனென்றால் பழுதான மணி, மணியே இல்லாததைவிட மோசம். மணி அடிக்கவில்லை, ஆகவே கோச்சி இல்லை என்று நம்பிக் காலை வைப்பவரை அது ஏமாற்றிவிடும். கைகாட்டிக்குள்ள அதே விதி மணிக்கும் வேண்டும். பழுதானால் அது ஆபத்து என்றே காட்ட வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். "ரயில் பாதையில் நடப்பதே சட்டப்படி குற்றம்" என்பார்கள். பாதை நெடுக நடந்து போகச் சொல்லி நாம் யாரையும் தூண்டவில்லை. போன் பேசிக்கொண்டும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டும் தண்டவாளத்தில் நடக்கும் நம் பிள்ளைகளை நாம்தான் கண்டிக்க வேண்டும். ஆனால் கடப்பது வேறு. லயத்தை ஒரு பக்கமும் மலையை மறுபக்கமும் வைத்தது நாமல்ல. இந்தப் பாதை 1867 இல் கண்டிக்கும், 1885 இல் நானுஓயாவுக்கும், 1924 இல் பதுளைக்கும் வந்தது முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கத்தான். நம் முன்னோர் பறித்த கொழுந்து போக வழி போட்டவர்கள், பறித்தவர் கடந்து போக வழி போடவில்லை.

"இது யார் பொறுப்பு?" என்பது அடுத்த கேள்வி. தோட்ட நிர்வாகம் ரயில்வேயைக் காட்டும், ரயில்வே தோட்டத்தைக் காட்டும், பிரதேச சபை தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்று முன்பு சொல்லிவந்தது. அந்தச் சாட்டுக்கு இனி இடமில்லை. தோட்டப் பகுதிகளுக்கும் சேவை செய்யும்படி பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது. ரயில்வே கருவியைத் தரட்டும், பிரதேச சபை கடவைக்கான படியும் விளக்கும் போடட்டும், நிர்வாகம் வளைவை மறைக்கும் புதரை வெட்டட்டும்.

வாய்ப்பேச்சால் இது நடக்காது. வட்டவளை முதல் ஹாலிஎல வரை ரயில் பாதையை ஒட்டியுள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் தோட்டத் தலைவரும் மாதர் பிரிவும் இளைஞர்களும் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். கடவை எந்த மைல்கல்லுக்கு அருகில், ஒரு நாளில் எத்தனை பேர் கடக்கிறார்கள், அவர்களில் பிள்ளைகள் எத்தனை பேர், ரயில் எத்தனை மீற்றரில் கண்ணுக்குத் தெரிகிறது, ஒரு முதியவர் கடக்க எத்தனை செக்கன் ஆகிறது என்று எழுதுங்கள். அளவு எடுக்கும்போது தண்டவாளத்தில் நிற்க வேண்டாம். கரையில் நின்றே எடுங்கள். பாடசாலையின் மேல் வகுப்புப் பிள்ளைகள் கணக்குக்கு உதவுவார்கள், ஆசிரியர்களான நாமும் கூட இருப்போம்.

அந்தப் பட்டியலை அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லாத் தோட்டங்களின் கணக்கையும் ஒன்றாக்கிப் புகையிரதத் திணைக்களத்திடம் கொடுப்போம். "கவனமாகப் போ" என்று சொல்கிறவர்கள் முன்னால் அந்தச் செக்கன் கணக்கை வைத்து, பதில் எழுத்தில் வரும்வரை கேட்போம்.