யானை கல்லான கதையும், கல் சொல்லும் கதையும்!

ஒத்தக்கடைப் பக்கம் காலேஜ் பஸ்ல போய்வர்றவங்க எல்லாருக்கும் அந்த யானையைத் தெரியும். துதிக்கையை நீட்டிப் படுத்த மாதிரி ஒரே பாறையா கிடக்குமே... அதேதான், யானைமலை! அது எப்படி அங்க வந்துச்சுன்னு கேட்டா, திருவிளையாடல் புராணக் கதையைச் சொல்வாங்க நம்ம ஊர்ப் பாட்டிங்க. மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிவிட்ட மாய யானையாம். சொக்கநாதர் நரசிங்க அம்பை விட, அப்படியே கல்லாயிருச்சாம்.

இதுக்கு அண்ணன் மாதிரி இன்னொரு கதை, பெரியபுராணத்துல இருக்கு. 7-ம் நூற்றாண்டுல திருஞானசம்பந்தர்கிட்ட வாதத்துல தோத்த 8,000 சமணர்கள் மதுரையில கழுவேறினாங்கன்னு சொல்லுது அது. இந்தப் பேச்சை ஹாஸ்டல்ல எடுத்துப் பாருங்க... 'அத்தனையும் நிஜம்'னு ஒரு குரூப், 'அத்தனையும் கட்டுக்கதை'னு ஒரு குரூப். விடிய விடியச் சண்டை நடக்கும். பக்கத்துல இருக்கிற மலையில என்ன எழுதியிருக்குன்னு மட்டும் ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க!

அதனால இந்த வாரம் நாம சந்திக்கப் போறது, இப்படிப்பட்ட கதைகளைக் கல்வெட்டோட வெச்சு உரசிப் பார்த்த ஒரு பேராசிரியர். ஆர்.சம்பகலட்சுமி (1932 - 2024). டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துல வரலாறு சொல்லிக் கொடுத்தவங்க. பழைய தமிழகத்தோட கோயில், வணிகம், நகரம், பக்தின்னு வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி பண்ணினவங்க. தமிழகத்துல நடந்த மத மோதல்களைப் பத்திக் கல்வெட்டுகள் நிஜமா என்ன சொல்லுதுன்னு 1978-லயே ஒரு கட்டுரை எழுதியிருக்காங்க. நம்ம பாஷையில சொன்னா, புராணம்ங்கிற புரோகிராமுக்குக் கல்வெட்டுதான் டெஸ்ட் கேஸ்!

அதே முறையில யானைமலையை ஓட்டிப் பார்ப்போமா?

டெஸ்ட் ஒண்ணு: சமண முனிவர்கள் தங்கின குகைத்தளத்துல ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கு. வயசு சுமார் 2,000 வருஷத்துக்கு மேல. அதுல இந்த மலைக்குப் பேர் 'இவகுன்றம்'. 'இவம்'னா யானைன்னு விளக்கினார் ஐராவதம் மகாதேவன். ஆக, சம்பந்தர் பிறக்கறதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே இது யானைமலைதான்!

டெஸ்ட் ரெண்டு: அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனோட மந்திரி மாறன்காரி குடைய ஆரம்பிச்சு, முடியறதுக்குள்ள இறந்துட்டார். தம்பி மாறன் எயினன் வேலையை முடிச்சார். கல்வெட்டுல கலியுக ஆண்டு 3871-னு போட்டிருக்கு. அதாவது கி.பி. 770. பாண்டியர் காலக் கணக்கைச் சரிபண்ண ஆய்வாளர்கள் பிடிச்சுக்கிற ஆணி இந்தத் தேதிதான்.

டெஸ்ட் மூணு: அதே மலையில மகாவீரர், பார்சுவநாதர், இயக்கின்னு வரிசையா சமணச் சிற்பங்கள். கூடவே வட்டெழுத்துல செஞ்சு வெச்சவங்க பேர். எல்லாம் 9, 10-ம் நூற்றாண்டு வேலை. எல்லாரையும் 7-ம் நூற்றாண்டுலயே ஒழிச்சுட்டாங்கன்னா, இவங்க யாரு பாஸ்? அதைவிட ஆச்சரியம், அந்தச் சிற்பத்தைக் காக்கற பொறுப்பு யாருக்குன்னா... பெருமாள் பேரைத் தாங்கின நரசிங்கமங்கலத்துச் சபையாருக்கு! பிராமண ஊர்ச்சபை, சமணச் சிலைக்குக் காவல்.

அப்போ சண்டையே நடக்கலையா? அப்படிச் சொன்னாலும் தப்பு. தேவாரத்துலயே சமணர்களைத் திட்டற பாட்டு ஏகப்பட்டது இருக்கு. அந்தக் கோபத்தை வெறும் பக்தின்னு விட்டுடலை சம்பகலட்சுமி. ராஜாவோட ஆதரவு யாருக்கு, நிலமும் தானமும் எந்தப் பக்கம் போகுதுங்கிற போட்டியையும் சேர்த்துப் படிச்சாங்க. பக்தி இயக்கம் கடவுள் முன்னாடி எல்லாரும் சமம்னு பாடினாலும், அதோட வளர்ந்த கோயில் அமைப்பு சாதி அடுக்கைக் கலைச்சுடலைன்னும் காட்டினாங்க. ரெண்டு குரூப்புக்குமே இது பிடிக்காது. ஏன்னா இதுல முழு வில்லனும் இல்லை, முழு ஹீரோவும் இல்லை.

இதெல்லாம் பழங்கதைதானேன்னு நினைக்காதீங்க. பேப்பர் ஆதாரம்னா ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கலாம்; மலை போனா போனதுதான். யானைமலையைக் குடைஞ்சு 'சிற்ப நகரம்' ஆக்கற திட்டம் வந்தப்போ, சுத்தியிருந்த ஊர்க்காரங்க எதிர்த்து நின்னாங்க. 2010-ல திட்டம் கைவிடப்பட்டுச்சு. மதுரையில மலை மலையா மக்களைக் கூட்டிட்டுப் போற 'பசுமை நடை' அந்தச் சமயத்துல பிறந்ததுதான். பக்கத்து அரிட்டாபட்டியிலயும் தமிழ் பிராமி, சமணச் சிற்பம், சிவன் குடைவரை மூணும் இருக்கு. அந்த வட்டாரத்துக்கு 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்சு, மக்கள் திரண்டு போராடின பிறகு 2025 ஜனவரியில ரத்தாச்சு.

ரெண்டு தடவையும் மலையைக் காப்பாத்தினது சாதாரண ஊர்க்காரங்க. சபையார் பொறுப்பு இப்போ அவங்க கையில. இந்த செமஸ்டர் லீவுல ஒருநாள் காலையில, வெயில் ஏறறதுக்கு முன்னாடி ஏறிப் பாருங்க மக்களே. பாட்டி சொன்ன கதையையும் ரசிங்க, பாறை சொல்றதையும் படிங்க. ஒரே ஒரு கண்டிஷன்... 'ஆளு' பேரை பெயின்ட்ல எழுதிட்டு வராதீங்க. அங்க ஏற்கெனவே எழுதியிருக்கறதே நமக்கு இன்னும் படிச்சு முடியலை!