தேதி உதிர்ந்த பதிவுகள்

"அவசரம்! ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை. சிறுமிக்கு நாளை காலை ஆபரேஷன். முடிந்தவரை ஷேர் செய்யவும்." உறவினர் குழு, பள்ளித் தோழர்கள் குழு, குடியிருப்போர் சங்கக் குழு என்று எந்த வாட்ஸ்ஆப் குழுவிலும் இப்படியொரு செய்தி அடிக்கடி வந்து விழும். மருத்துவமனையின் பெயர் இருக்கும். ஊர் இருக்கும். கைபேசி எண் இருக்கும். தேதி மட்டும் இருக்காது. 'நாளை காலை' என்றால் எந்த நாளுக்கு மறுநாள்? அந்தச் சிறுமிக்கு ரத்தம் கிடைத்து, ஆபரேஷன் முடிந்து, அவள் இரண்டு வகுப்பு தாண்டியிருக்கவும் கூடும். ஆனாலும் செய்தியைப் பார்ப்பவர் பதறுகிறார். நான்கு குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறார். அந்த வகை ரத்தம் உள்ள ஒருவர் கைவேலையைப் போட்டுவிட்டு அந்த எண்ணுக்கு அழைக்கிறார். "அது எப்பவோ முடிஞ்சுபோச்சுங்க" என்று பதில் வருகிறது. இப்படி இரண்டு முறை ஏமாந்தவர், உண்மையாகவே இன்றைக்கு ஒரு உயிருக்கு ரத்தம் தேவைப்படும்போது அழைக்கத் தயங்குவார். பழைய பதிவு செய்யும் கேடு அங்கேதான் தொடங்குகிறது.

சமூக ஊடகப் பதிவு ஒன்று எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்பதைப் பலர் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு பதிவுக்கு மொத்தமாகக் கிடைக்கும் லைக், கமென்ட், பகிர்வு, கிளிக் ஆகியவற்றில் பாதி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அளவுகோல். இணைய முகவரிகளைச் சுருக்கித் தரும் பிட்லி நிறுவனம் 2011இல் தன் இணைப்புகளை வைத்துக் கணக்கிட்டது. ட்விட்டரில் பகிரப்பட்ட இணைப்புக்கு 2.8 மணி நேரம், ஃபேஸ்புக்கில் 3.2 மணி நேரம், யூடியூபில் 7.4 மணி நேரம் என்று வந்தது. அமெரிக்கரான ஸ்காட் கிராஃபியஸ் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து இன்னொரு கணக்கை வெளியிட்டுவருகிறார். அதன் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில், ட்விட்டரின் புதிய பெயரான எக்ஸ் தளத்துக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஃபேஸ்புக்குக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம், இன்ஸ்டகிராமுக்குச் சுமார் 20 மணி நேரம், லிங்க்ட்இன்னுக்கு ஒரு நாள், யூடியூபுக்கு ஒன்பது நாளுக்குச் சற்றுக் குறைவு, பின்ட்ரெஸ்டுக்குக் கிட்டத்தட்ட நான்கு மாதம். அளந்த முறை வேறு என்பதால் இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனால், ஒரே பட்டியலுக்குள் ஒரு தளத்தில் நிமிடங்களாகவும் இன்னொரு தளத்தில் மாதங்களாகவும் ஆயுள் இருப்பது ஏன் என்று கேட்க வேண்டும்.

ஆட்கள் அந்தப் பதிவிடம் எந்த வழியாக வந்து சேர்கிறார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. எக்ஸிலும் ஃபேஸ்புக்கிலும் பயனர் எதையும் தேடிப் போவதில்லை. கண் முன்னால் ஓடுவதைப் பார்க்கிறார். ஓட்டத்தில் எது மேலே வர வேண்டும் என்பதைத் தளம் முடிவுசெய்கிறது. தன் கணக்கீட்டில் மூன்று அம்சங்கள் இருப்பதாக ஃபேஸ்புக் 2010இல் மென்பொருளாளர்கள் கூட்டத்தில் விளக்கியது: பதிவிட்டவரோடு பயனருக்கு உள்ள நெருக்கம், பதிவின் வகையும் அதற்குக் கிடைக்கும் எதிர்வினையும், பதிவிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது. இன்றைய கணக்கீடு பல மடங்கு சிக்கலானது. ஆனாலும் புதியதை முன்னால் தள்ளிப் பழையதைக் கீழே இறக்கும் அடிப்படை மாறவில்லை.

யூடியூபில் தேடுபெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கப்பட்ட 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. தமிழ் யூடியூப் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான். வயல்வெளியில் தாத்தாவும் பேரன்களும் அண்டாவில் கிளறும் பிரியாணி எந்த ஆண்டு கிளறியதாக இருந்தாலென்ன? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணி செய்ய நினைப்பவருக்கு அது அன்றைக்குப் புதிது. சினிமாப் பாட்டும் அப்படித்தான். 2019 ஜனவரியில் வெளியான 'ரவுடி பேபி' காணொளி, 2020 நவம்பர் 16 அன்று நூறு கோடிப் பார்வைகளைத் தொட்டது.  

ஓட்டம், தேடல் என்ற இந்த இரண்டு வழிகளிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பதிவின் கீழே அதை இட்ட தேதி இருக்கிறது. பார்ப்பவர் விரும்பினால் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி ஃபார்வர்டு. இங்கே ஆயுளுக்கு வரம்பே இல்லை. பெரியப்பா அனுப்பிய செய்தியின் ஓரத்தில் 'காலை 9.14' என்று காட்டுவது, பெரியப்பா அனுப்பிய நேரம். அது அவருக்கு எப்போது வந்தது, அவருக்கு அனுப்பியவருக்கு எப்போது வந்தது, முதன்முதலில் யாரோ எப்போது தட்டச்சு செய்தார் என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். ஒவ்வொரு கை மாறும்போதும் செய்தி புதிதாகப் பிறக்கிறது. நான்கு ஆண்டுப் பழைய படம் இன்று காலை எடுத்த படம்போல வந்து நிற்கிறது.

இதன் விலை என்ன என்பதை இந்தியா 2018இல் பார்த்தது. ஒரு காணொளி. கராச்சி நகரத்துத் தெருவில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். உண்மையில் அது 2016இல் பாகிஸ்தானில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்களே குழந்தையைத் திரும்ப விட்டுவிட்டு, குழந்தை காணாமல்போக ஒரு கணம் போதும் என்று எச்சரிக்கும் பதாகையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்தார்கள். மிச்சம் இருந்தது, பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தியோடு வாட்ஸ்ஆப்பில் பரவியது. அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் வதந்தியில் பயந்துபோயிருந்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. நாட்டின் பல பகுதிகளில் அப்படி உயிர்கள் போன பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்ஆப் வரம்பு வைத்தது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கே இன்னொரு சோதனை வந்தது. பிகார் தொழிலாளர்கள் இங்கே அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று வடமாநிலங்களில் காணொளிகள் பறந்தன. இரண்டு காணொளிகளைக் குறிப்பிட்டு அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் தந்தார்: இரண்டுமே முன்பு நடந்த வேறு சம்பவங்கள், ஒன்று பிகார் தொழிலாளர்களில் இரு தரப்புக்குள் நடந்த சண்டை, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. பிகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பியது. காவல் துறை இந்தியில் உதவி எண்களை அறிவித்தது. ஹோலிப் பண்டிகை மார்ச் 8 அன்று வந்ததால் பல தொழிலாளர்கள் வழக்கம்போல ஊருக்குக் கிளம்பினார்கள்; ரயில் நிலையக் கூட்டமே வதந்திக்குச் சாட்சி ஆக்கப்பட்டது. திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் நிம்மதியாக உட்கார்ந்திருந்த இளைஞனை, வீட்டிலிருந்து அழுதுகொண்டே அழைத்த அம்மாவின் குரல்தான் கலங்கடித்தது. மகன் என்ன சொன்னாலும், கையில் இருக்கும் காணொளி இன்றையது என்றே அந்தத் தாய் நம்பினார். அவர் வேறென்ன செய்ய முடியும்? அதில் தேதி இல்லை.

பொய்க்கு வேகமும் அதிகம். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எம்ஐடி ஆய்வாளர்கள் அலசி, 2018இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 1,500 பேரை எட்டுவதற்கு உண்மைச் செய்திக்குப் பொய்ச் செய்தியைவிட ஆறு மடங்கு நேரம் ஆனது. மறுப்பு எப்போதும் பின்தங்கித்தான் ஓடுகிறது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. மறுப்பில் தேதியும் சான்றும் இருக்கும், நீளமாக இருக்கும், அதனாலேயே அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

ஒரு பதிவுக்கு உரிய நேரத்தில் முற்றுப்புள்ளி வைக்க முடியும் என்பதைச் சென்னை செய்துகாட்டியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் 'முதல் மாடியில் முதியவர்கள், படகு வேண்டும்' என்ற பதிவுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. அந்தப் பதிவின் பயன் சில மணி நேரம்தான். படகு வந்து ஆட்களை ஏற்றிப் போன பிறகும் அது பகிரப்பட்டுக்கொண்டிருந்தால், இன்னொரு தெருவுக்குப் போக வேண்டிய படகு திசைமாறும். தன்னார்வலர்கள் விரிதாள்களில் கோரிக்கைகளைத் தொகுத்தார்கள். தேவை இன்னும் இருக்கிறதா என்று எண்களுக்கு அழைத்து உறுதி செய்தார்கள். தூக்கமில்லாமல் உழைத்த அந்த இளைஞர்களுக்குச் சென்னை கடன்பட்டிருக்கிறது. அதே நாட்களில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், நாசா பேய்மழையை எச்சரித்திருக்கிறது என்றும் ஃபார்வர்டுகள் ஊரைச் சுற்றின. அவற்றை உறுதிசெய்யத்தான் ஆள் இல்லை.

தேதி இருந்தால் என்ன வித்தியாசம் என்பதற்குக் கிரிக்கெட்டில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஓலி ராபின்சன் 2021 ஜூன் 2 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆடினார். அன்றைக்கே, 2012, 2013ஆம் ஆண்டுகளில் அவர் இட்ட இனவெறி, பெண்வெறுப்பு ட்வீட்களை யாரோ தோண்டி எடுத்தார்கள். ஆட்டத்தில் ஏழு விக்கெட் எடுத்தவர், அடுத்த டெஸ்ட்டுக்கு இல்லை. அவை மன்னிக்கத்தக்க வார்த்தைகள் அல்ல. வாரியம் நடவடிக்கை எடுத்தது சரி. ஆனால் விசாரணைக் குழு, அவற்றை இட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. எட்டு ஆட்டத் தடையில் ஐந்தை நிறுத்திவைத்தது. அந்த ட்வீட்களில் தேதி இருந்ததால்தான், பதின்வயதில் எழுதியதற்கும் இருபத்தேழு வயதில் எழுதியதற்கும் வேறுபாடு பார்க்க முடிந்தது.

காக்க வேண்டியவை அழிந்துபோவது இன்னொரு பக்கம். ஆர்குட் தளம் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கில் தமிழர்கள் ஆடியும் பாடியும் நடித்தும் வைத்திருந்தவை இந்தியாவில் ஒரே இரவில் பார்வையிலிருந்து மறைந்தன. 2017 ஜனவரியில் மெரினாவுக்கு லட்சக்கணக்கானோரைத் திரட்டிய ஜல்லிக்கட்டுப் பதிவுகளை இன்று ஒரு ஆய்வு மாணவர் தேதி வாரியாகத் தேடி எடுக்க முயன்றால் திண்டாடிப்போவார். அந்தக் காலத்து மலிவு விலைக் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீசுகளையும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாதுகாத்து வைத்திருக்கிறது. இந்தத் தலைமுறையின் துண்டறிக்கைகளையும் பொறுப்போடு காக்க ஓர் ஏற்பாடு வேண்டும்.

செய்தித் துறையும் சில தளங்களும் தேதிப் பிரச்சினையை ஏற்கெனவே கையில் எடுத்திருக்கின்றன. பிரிட்டனின் 'கார்டியன்' நாளிதழ் 2019 முதல் தன் பழைய கட்டுரைகள் பகிரப்படும்போது படத்தின் மீதே ஆண்டு தெரியும்படி செய்தது. 90 நாட்களுக்கு மேல் பழைய செய்தியைப் பகிரப்போனால் எச்சரிக்கும் வசதியை ஃபேஸ்புக் 2020இல் கொண்டுவந்தது. வாட்ஸ்ஆப்தான் மிச்சம்.

2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், தேவைப்பட்டால் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டறிந்து சொல்ல வேண்டும் என்கின்றன. அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று வாட்ஸ்ஆப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கவலை நியாயமானது. அரசை விமர்சித்து ஒரு வரி எழுதியவரைத் தேடிப்பிடிக்கும் கருவியாக அது மாறக்கூடும். ஆனால் குடும்பக் குழுவில் ஒரு பழைய காணொளியைப் பார்த்துப் பதறும் தாய்க்குத் தேவை, யார் என்ற விவரம் அல்ல. எப்போது என்ற விவரம். பலமுறை ஃபார்வர்டு ஆன செய்திக்கு வாட்ஸ்ஆப் இப்போதே இரட்டை அம்புக்குறி போடுகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே, எத்தனை கை மாறியது என்ற எண்ணிக்கையைச் செய்தியோடு சேர்த்து அனுப்புகிறது. எண்ணிக்கை பயணம் செய்ய முடியும் என்றால், ஃபார்வர்டு சங்கிலி தொடங்கிய மாதமும் ஆண்டும் பயணம் செய்வதில் என்ன தடை? அனுப்பியவர் பெயர் தேவையில்லை, எண் தேவையில்லை. தரவிறக்கி மறுபடி ஏற்றினால் தேதி புதுப்பிக்கப்பட்டுவிடும் என்பது உண்மைதான். அந்தச் சிரமத்தை எடுப்பவர்கள் சிலரே. பெரும்பாலானோர் ஃபார்வர்டு பொத்தானைத்தான் அழுத்துகிறார்கள்.

அரசு அலுவலகங்கள் யாரையும் கேட்காமல் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் 'கனமழை: பள்ளிகளுக்கு இன்று விடுமுறை' என்ற அறிவிப்புக்காக மாணவர்கள் காலை ஐந்து மணிக்கே கைபேசியைப் பார்க்கிறார்கள். முந்தைய ஆண்டின் அறிவிப்பு அட்டையை யாராவது எடுத்துப் பரப்பிவிட்டால் போதும், தலைமையாசிரியருக்கு அழைப்புகள் குவியும். பாதி வகுப்பு வராது. மாவட்டத்தின் பெயரை எவ்வளவு பெரிய எழுத்தில் போடுகிறார்களோ அதே அளவில் தேதி, கிழமை, ஆண்டு மூன்றையும் அட்டையின் நடுவில், வெட்டி எடுக்க முடியாத இடத்தில் அச்சிட ஆட்சியர் அலுவலகங்கள் உத்தரவிட வேண்டும். தொலைக்காட்சிச் சேனல்களும் தங்கள் செய்தி அட்டைகளில் இதையே பின்பற்றலாம். ரத்தக் கோரிக்கைக்கும் ஆள் காணவில்லை அறிவிப்புக்கும் மருத்துவமனைகளும் காவல் நிலையங்களும் இதே போன்ற மாதிரிப் படிவத்தை வெளியிடலாம்: எந்தத் தேதியில் கேட்கப்பட்டது, எந்தத் தேதி வரை தேவை, தேவை முடிந்ததா என்று எங்கே பார்க்கலாம். பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குள் இதை முடித்துவிடலாம்.