அமைதி யாருடையது?

ஊர்ப்புற நிலக்காட்சி பற்றி நமக்கு வரும் கட்டுரைகளில் ‘அமைதி தவழ்கிறது’, ‘ஏக்கம் ததும்புகிறது’ என்ற தொடர்கள் முதல் பத்தியிலேயே வந்துவிடுகின்றன. அந்த உணர்வு படத்தில் எப்படி உண்டானது என்பது மட்டும் கடைசிவரை வருவதில்லை. வகுப்பறையில் நம் மாணவர்களும் இதையே பழகுகிறார்கள்.

ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821இல் லண்டன் ராயல் அகாடமியில் ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்ற தலைப்பில் வைத்த ஓவியம் இன்று ‘தி ஹே வெயின்’ என்று அறியப்படுகிறது. ஸ்டவர் ஆற்றுக்குள் காலி வண்டி, இடப்புறம் ஒரு வீடு, கரையில் நாய். நாய் வண்டியைப் பார்க்கிறது. நம் கண்ணும் வண்டிக்குப் போய், அதைத் தாண்டி வெயில் விழும் புல்வெளிக்கு இடறாமல் சென்று சேர்கிறது. முழு அளவு முன்வரைவில் கரையோரம் குதிரைமேல் ஒருவர் இருந்தார். முடிந்த ஓவியத்தில் அவர் இல்லை. அந்த இடம் விரிந்து கிடக்கிறது. இந்த அமைதி ஓவியர் யோசித்துக் கட்டியது.

புல் அறுப்பவர்கள் எங்கே? வலப்புறத் தொலைவில், சிறு வெண்புள்ளிகளாக. உடல் நோகும் உழைப்பை அவ்வளவு தள்ளி வைத்தவர் அந்த ஆற்றங்கரையில் ஆலை வைத்திருந்தவரின் மகன். படத்தைத் தீட்டி முடித்தது லண்டனில். நெப்போலியப் போர்களுக்குப் பின் விளைபொருள் விலை சரிந்து, கிழக்கு இங்கிலாந்தின் விவசாயக் கூலிகள் தவித்த காலம் அது. 1822இல் அங்குள்ள சஃபோக்கில் இரவுதோறும் தீ தெரிகிறது என்று தன் சகோதரர் சொன்னதைக் கான்ஸ்டபிளே கடிதத்தில் எழுதினார்.

இந்த வரலாற்றை விட்டுவிட்டால் படத்தின் பொருள் பாதிதான் கிடைக்கும். ஆனால் இடப்புற வானில் திரளும் மேகத்தை அந்தக் கொந்தளிப்பின் குறியீடு என்று எழுதுவதும் தவறு. அந்த ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் நாளும் நேரமும் காற்றின் திசையும் குறித்துக்கொண்டு வானத்தைத் தீட்டியவர் அவர். அவருக்கு மேகம் முதலில் வானிலை.

எனவே, எழுதுவோருக்கும் கற்பிப்போருக்கும் ஒரு வேண்டுகோள். கண்ணுக்குத் தெரிவதை முதலில் முழுமையாகச் சொல்லுங்கள். பிறகு, எங்கே நின்று, யார் பார்த்த காட்சி இது என்று கேளுங்கள். வரலாற்றை அதன்பின் கொண்டுவாருங்கள். படம் சொல்வது எதுவரை, நீங்கள் சேர்ப்பது எங்கிருந்து என்பது வாசகருக்குத் தெளிவாகத் தெரியட்டும். இந்த இதழுக்கு வரும் கட்டுரைகளை இனி இந்த அளவுகோலால்தான் மதிப்பிடுவோம்.