ஒரு சமயம் பிடிக்கும், ஒரு சமயம் பிடிக்காத பிரேக்

வடலூர் பக்கத்து வாசகர் ஒருவர் பழைய டீசல் கார் வைத்திருக்கிறார். பண்ருட்டிக்குப் பலாப்பழம் போவதும் அதில்தான், குடும்பம் போவதும் அதில்தான். நான்குமுனைச் சந்திப்பில் ஒருநாள் பிரேக் பெடல் தரை வரை போய்விட்டதாம். மறுபடி மிதித்ததும் பிடித்துக்கொண்டதாம். பட்டறையில் இருமுறை காட்டியும் 'நன்றாகத்தானே இருக்கிறது' என்கிறார்களாம். என்ன செய்வது என்று கேட்கிறார்.

முதலில், காரணம் தெரியும் வரை அந்தக் காரைச் சாலையில் எடுக்க வேண்டாம். தானாகச் சரியான பிரேக் என்று ஒன்று கிடையாது.

முதுகில் மாட்டும் கைத்தெளிப்பானில் வாஷர் தேய்ந்தால் என்ன ஆகிறது? ஒரு அடியில் அழுத்தம் ஏறும், அடுத்த அடியில் ஏறாது. மருந்து வெளியே சொட்டுவதும் இல்லை. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீலும் அப்படித்தான். அது தேய்ந்தால், அழுத்த வேண்டிய ஆயில் உள்ளேயே பின்பக்கம் நழுவிவிடும். ஆயில் அளவு குறையாது என்பதால் மெக்கானிக் கண்ணுக்கும் படாது.

இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, இன்ஜினை ஓடவிடுங்கள். பெடலை மெதுவாக மிதித்து அதே அழுத்தத்தில் ஒரு நிமிடம் வையுங்கள். ஓங்கி மிதித்தால் சீல் விரிந்து ஒட்டிக்கொண்டு பழுதை மறைத்துவிடும். பட்டறையில் பெரும்பாலும் ஓங்கித்தான் மிதிப்பார்கள். மெல்ல மிதித்த பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போய், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர்தான்.

பெடல் இறங்காமல் நின்றால், குண்டும் குழியுமான சாலையைத் தாண்டிய பிறகுதான் அப்படி ஆகிறதா என்று யோசித்துப் பாருங்கள். முன்சக்கர பேரிங் ஆடினால் டிஸ்க் அசைந்து பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். முதல் மிதி வீணாகும், இரண்டாவது மிதி பிடிக்கும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும்.

பாரம் ஏற்றி, அடிக்கடி பிரேக் போட்டுச் சூடான பிறகு பெடல் பஞ்சு போல ஆகிறதென்றால் ஆயிலைச் சந்தேகிக்க வேண்டும். வாய் கட்டாத யூரியா மூட்டை போல பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை புது ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதித்தால் ஆவிதான் அமுங்கும். ஆறினால் பழையபடி பிடிக்கும். பட்டறைக்குப் போவது ஆறிய வண்டி அல்லவா! இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுவது நல்லது. குறைகிறதென்று இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள்; சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

ஆயில் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை என்றால் பின்சக்கர டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பூஸ்டருக்குள் கசிவதும் உண்டு.

பெடல் இறங்காமல் கல் போல இறுகுகிறதென்றால் அது வேறு கோளாறு. இன்ஜினை நிறுத்தி ஐந்தாறு முறை மிதித்துவிட்டு, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரையும் வேக்குவம் குழாயையும் பம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓடும்போதே பெடல் கீழே போனால் விடாமல் பலமுறை வேகமாக மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுழன்றுவிடும்.

மெக்கானிக்கிடம் 'பிரேக் சரியில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். பாரம் இருந்ததா, எவ்வளவு தூரம் ஓடிய பிறகு, முதல் மிதியா இரண்டாவதா என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வண்டியை ஓட்டிப் போகாமல், அவரை வீட்டுக்கு வரவழைப்பது நல்லது.