ஐந்து ஷில்லிங் லைசென்ஸ்

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டது. கல்லூரிக்குப் போய்வர ஸ்கூட்டரும் வாங்கியாயிற்று. லைசென்ஸ்தான் பாக்கி. சென்ற வாரம் அவளுடைய தாயார் கவலையோடு நம் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, எட்டுப் போடச் சொன்னால் இவள் பாதியிலேயே காலை ஊன்றிவிடுகிறாள். தெரிந்தவர் ஒருவர், 'டெஸ்டைப் பற்றி நீங்கள் கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார். கொஞ்சம் பணம் செலவாகுமாம். கொடுத்துவிடலாமா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், கூடவே வந்திருந்த அவளுடைய மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இதிலே என்ன தப்பு? டெஸ்ட் என்பதெல்லாம் பின்னால் வந்த சங்கதி. வெள்ளைக்காரன் தன் தேசத்திலேயே ஐந்து ஷில்லிங்கை வாங்கிக்கொண்டு லைசென்ஸைக் கொடுத்தான். அங்கே யாரும் வண்டி ஓட்டவில்லையா?"

பெரியவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிக் கதையைத்தான் சொன்னார். மறு பாதியை அவருக்கு நான் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கிலாந்தில் சட்டம் முதலில் பயந்தது வண்டியைக் கண்டுதான். ஓட்டுகிறவரைக் கண்டு அல்ல. 1865-ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். அப்போது பெட்ரோல் மோட்டார் ஏது? புகை கக்கிக்கொண்டு சாலையில் போகும் நீராவி வண்டிகளுக்காக ஏற்பட்ட சட்டம் அது. ஊருக்குள் மணிக்கு 2 மைல், ஊருக்கு வெளியே 4 மைல், அதற்குமேல் கூடாது. வண்டியை நடத்த மூன்று ஆட்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் சிவப்புக் கொடியை ஏந்திக்கொண்டு, வண்டிக்கு 60 கெஜம் முன்னால் நடந்தே போகவேண்டும்! 1878-இல் கொடியின் கட்டாயம் தளர்ந்தது. ஆனால் முன்னால் நடக்கிற ஆள் போகவில்லை.

பிற்பாடு பெட்ரோல் மோட்டார் வந்தபோது அதற்கும் இதே விதிதான். 1896 ஜனவரியில் கென்ட் பிரதேசத்தில் வால்ட்டர் அர்னால்டு என்பவர், 2 மைல் வேகத்தில் போகவேண்டிய இடத்தில் 8 மைல் வேகத்தில் போய்விட்டார். போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார்! வேகமாகப் போன குற்றத்துக்கு ஒரு ஷில்லிங் அபராதம்.

நமக்குச் சிரிப்பு வருகிறது. மோட்டார் வாங்கியவர்களுக்கும் விற்றவர்களுக்கும் சிரிப்பு வரவில்லை. அவர்கள் ஓயாமல் முறையிட்டார்கள். 1896 ஆகஸ்ட் 14-ந் தேதி புதுச் சட்டம் விக்டோரியா ராணியின் சம்மதத்தைப் பெற்றது. முன்னால் நடக்கும் ஆளுக்கு ஒரு கும்பிடு. வேகம் 14 மைல் வரை போகலாம் என்று ஆயிற்று. நவம்பரில் அது அமலுக்கு வரவேண்டும்.

சம்மதம் கிடைத்த மூன்றாம் நாள், ஆகஸ்ட் 17-ந் தேதி, லண்டனில் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்துக்குப் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற 44 வயதுப் பெண்மணி விழாப் பார்க்கப் போனாள். கூட அவளுடைய மகளும் ஒரு சிநேகிதியும் போனார்கள். அங்கே மோட்டாரில் ஜனங்களை ஏற்றிச் சவாரி காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டி ஒன்று அவள்மேல் மோதியது. மகளின் கண்ணெதிரே தாய் உயிரை விட்டாள். பிரிட்டனில் பெட்ரோல் மோட்டார் மோதி இறந்த முதல் பாதசாரி அவள்தான்.

வண்டி மெள்ளத்தான் வந்தது என்றார் ஓட்டிய வாலிபர். வேகமாக வந்தது என்றார்கள் பார்த்தவர்கள். ஆனால் ஒரு விஷயம்: அந்த வாலிபர் வண்டி ஓட்டத் தொடங்கி மூன்று வாரந்தான் ஆகியிருந்ததாம்! விபத்தினால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பாயிற்று. யார்மேலும் வழக்கு நடக்கவில்லை.

இதற்கு அப்புறமாவது சட்டம், "உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டதா? அதுதான் இல்லை.

1903-இல் வந்த சட்டம், 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு மோட்டாரையும் பதிவு செய்து நம்பர் மாட்டச் சொன்னது. மோதிவிட்டு ஓடினால் கண்டுபிடிக்க வேண்டாமா? ஓட்டுகிறவருக்கு லைசென்ஸும் வேண்டும் என்றது. பெரியவர் சொன்ன ஐந்து ஷில்லிங் லைசென்ஸ் இதுதான். மோட்டார் காருக்குப் பதினேழு வயது; மோட்டார் சைக்கிளுக்குப் பதினாலு வயதே போதும்! பணத்தைக் கட்டினால் காகிதம் கிடைத்தது. பரீட்சை கிடையாது.

இத்தனைக்கும் பக்கத்திலிருந்த பாரிஸ் நகரில், 1893-லேயே போலீஸ் உத்தரவு போட்டு, ஓட்டிக் காட்டினால்தான் சான்றிதழ் என்று வைத்துவிட்டார்கள். 1898-இல் உஸேஸ் சீமாட்டி என்ற பிரபு குடும்பத்துப் பெண்மணி அந்தப் பரீட்சையில் தேறினாள். பிரான்ஸில் அப்படித் தேறிய முதல் பெண் அவள். கொஞ்ச நாளில், 12 கிலோமீட்டர் போகவேண்டிய இடத்தில் 15 கிலோமீட்டர் போய் அபராதமும் கட்டினாள்! தேறிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் அவளே சாட்சி.

இங்கிலாந்து மட்டும் பிடிவாதமாக இருந்தது. 1930-இல் கார்களுக்கு இருந்த வேக வரம்பையும் எடுத்துவிட்டது. பலன்? 1934-ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் சாலையில் மாண்டவர்கள் 7,343 பேர். ஏறக்குறையப் பாதிப்பேர் நடந்து போனவர்கள். அதற்குப் பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 1935 மார்ச்சில் ஜன நெருக்கமுள்ள இடங்களில் 30 மைல் வரம்பு வந்தது. ஜூன் முதல் தேதியிலிருந்து புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு டெஸ்ட் கட்டாயமாயிற்று. அந்த வருஷமே சாவு குறைந்தது. 'உனக்கு ஓட்டத் தெரியுமா?' என்று கேட்க, ஐந்து ஷில்லிங் சட்டத்துக்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது!

நம் தேசத்திலும் 1914, 1939, 1988 என்று மோட்டார் சட்டங்கள் வந்தன. இப்போதுள்ள 1988-ஆம் வருஷத்துச் சட்டம் டெஸ்டில் தேறவேண்டும் என்றுதான் சொல்கிறது. 2019-இல் செய்த திருத்தம் வீட்டுக்கே வந்துவிட்டது. வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டிக்காரரோ குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

"பணம் கொடுத்து நீ வாங்கப் போவதும் அந்த ஐந்து ஷில்லிங் லைசென்ஸ்தான் அம்மா. டெஸ்டில் காலை ஊன்றினால் இன்னொரு நாள் போகலாம். நாற்சந்தியில் லாரி வரும்போது காலை ஊன்றினால்?" என்றேன்.

அவள் பதில் பேசவில்லை. பெரியவரும் பேசாமல் எழுந்து போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு மைதானத்துப் பக்கமாக வந்தேன். பேத்தி எட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். காலை ஊன்றுவதும் மறுபடி ஆரம்பிப்பதுமாக இருந்தாள். அவளுக்கு முன்னால், கையில் குடையை ஆட்டிக்கொண்டு, "மெள்ள, மெள்ள!" என்று தாத்தா நடந்துகொண்டிருந்தார். சிவப்புக் கொடி ஒன்றுதான் குறை!