வெள்ளை மீனும் நீல மீனும்

குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகருக்குப் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அங்கே நல்ல கடலுணவு எங்கே கிடைக்கும்? விடை சொல்வதற்கென்றே பட்டியல்கள் ஆயிரம் இருக்கின்றன. தவறவிடக் கூடாத பத்து உணவகங்கள், உள்ளூரார் மட்டுமே அறிந்த ஐந்து இடங்கள் என்று அவை நீளும். உள்ளூரார் மட்டுமே அறிந்ததை உலகறிய எழுதிய பிறகு அது எப்படி உள்ளூராருடையதாக எஞ்சும் என்று எவரும் கேட்பதில்லை. நம் கட்சி வேறு. அந்தக் கேள்வியே பிழை என்கிறோம். "எங்கே" என்று கேட்பவருக்கு அந்த ஊர் கடற்காட்சியை விற்கும். "இன்று எது வந்தது" என்று கேட்பவருக்கே மீன் கிடைக்கும்.

ஊரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ரோமப் பேரரசன் டயக்ளீஷியன் 305இல் முடி துறந்து, தன் இறுதிக் காலத்தைக் கழிக்க எழுப்பிய அரண்மனைதான் இன்றைய ஸ்ப்ளிட்டின் பழைய நகரம். 1979இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று. ஒரு காலத்தில் அதன் தென்சுவரைக் கடல் நேரே வந்து தொட்டது. இன்று சுவருக்கும் கடலுக்கும் நடுவே ரீவா என்னும் அகன்ற நடைபாதை கிடக்கிறது. பனைகளின் வரிசை, வெள்ளைக் குடைகள், நாற்காலிகள். பட்டியல்காரர்கள் முதலில் உட்காரச் சொல்வது இங்கேதான். நாங்கள் நால்வரும் அப்படித்தான் உட்கார்ந்தோம்.

பெயர் சொல்ல வேண்டாத ஓர் உணவகம். பரிமாறுபவர் தட்டில் ஒரு முழு மீனைக் கொண்டுவந்து காட்டினார். விலை கிலோவுக்கு இவ்வளவு என்று அட்டையில் இருந்தது. அந்த மீன் எத்தனை கிலோ என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமன்று என்று எண்ணிவிட்டோம். அது கடலில் பிடித்ததா, வளர்த்ததா என்றும் கேட்கவில்லை. விலைச்சீட்டு வந்தபோது இரண்டு நாள் உணவுச் செலவை ஒரே மீனுக்குக் கொடுத்திருந்தது தெரிந்தது. மீன் கெட்டதன்று, ஆனால் எந்த ஊரிலும் கிடைத்திருக்கக் கூடிய மீன். இதில் உணவகத்தைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. எடையைக் கேட்காதவர்கள் நாம். விலை மிகுந்ததே சிறந்தது என்று நம்பியவர்களும் நாமே.

அந்த நம்பிக்கைக்கு அங்கே ஒரு பெயரும் உண்டு. தல்மாசியக் கரையில் மீனை வெள்ளை மீன், நீல மீன் என்று இரண்டாகப் பிரிப்பர். பிரன்சின், ஒராதா, ஸுபாதாத்ஸ் போன்றவை வெள்ளை மீன். அவற்றுள்ளும் முதல் தரம், இரண்டாம் தரம் என்ற படிகள் உண்டு. நம் மத்திக்கு உறவான ஸ்ர்தேலா, நெத்திலிக்கு உறவான இன்சூன், அயிலை இனத்தைச் சேர்ந்த ஸ்கூஷா ஆகியவை நீல மீன். வெள்ளை மீன் விருந்துக்கு; நீல மீன் வீட்டுக்கு. வர்ணம் என்ற சொல்லுக்கு நிறம் என்ற பொருளும் உண்டு என்பதை அறிந்த நாம் இந்தப் பாகுபாட்டைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. ஒரே கடலில் பிறந்தவற்றுக்கும் மேல் கீழ் வகுக்கத் தெரிந்த உயிர் மனிதன் ஒருவனே.

ஆனால் குரோஷிய மீனவரின் வலையில் ஏறும் மீனில் பெரும்பங்கு எது? மத்தியும் நெத்திலியும்தான். அந்தக் கரையின் வாழ்வை நூற்றாண்டுகளாகத் தாங்கியவை உப்பிட்டு மரத்தொட்டியில் அடுக்கப்பட்ட இந்தச் சிறுமீன்களே. மறுபுறம், உணவகத் தட்டில் வரும் பிரன்சினும் ஒராதாவும் மிகப் பலவேளை மிதவைக் கூண்டுகளில் தீனி போட்டு வளர்க்கப்பட்டவை. வளர்ப்பு மீன் நஞ்சன்று. பண்ணை வைத்திருப்பவரும் உழைப்பவரே. அதைக் காட்டுமீன் என்று எண்ணிக்கொண்டு கடலின் சுவை பற்றிக் கட்டுரை எழுதுவதையே மறுக்கிறோம்.

இதைவிடக் கசப்பான செய்தி சூரை மீனைப் பற்றியது. ஸதார் நகரை ஒட்டிய தீவுகளருகே நீலத்துடுப்புச் சூரைகளைக் கூண்டிலிட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போகிறது. அவற்றுக்கு இரை சிறுமீன்கள். சூரையின் உடலில் ஒரு கிலோ கூடுவதற்குப் பல கிலோ சிறுமீன் தேவை. ஏழையின் தட்டில் விழ வேண்டியது செல்வரின் தட்டுக்குப் போகும் வழியில் இன்னொரு மீனின் வயிற்றில் விழுகிறது. நீல மீன் தாழ்ந்தது என்று நாம் ஒவ்வொரு முறை முகம் சுளிக்கும்போதும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வாக்கு அளிக்கிறோம்.

மறுநாட் காலை மீன் சந்தைக்குப் போனோம். பழைய நகரின் மேற்கு விளிம்பில், மர்மோந்தொவா தெருவை ஒட்டி இருக்கிறது அது. அருகிலேயே கந்தக ஊற்று. அதன் வாடையால்தான் சந்தையில் ஈ மொய்ப்பதில்லை என்று ஊரார் சொல்வர். மத்தி கேட்டோம். இல்லை. அடுத்த கல்மேடையிலும் இல்லை. காரணம் கேட்டதற்கு, மீன் விற்ற மூதாட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு விரலால் காற்றில் வட்டம் வரைந்து மேலே காட்டினார். முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது: முழுநிலவு.

அங்கே மத்தி பிடிப்பது இருட்டில். படகில் வலிய விளக்கேற்றி, ஒளியை நோக்கித் திரளும் கூட்டத்தைச் சுற்றுவலையால் வளைப்பர். நிலவு முழுதாய்க் காயும் இரவுகளில் விளக்குக்கு மதிப்பில்லை. படகுகள் கரையில் கிடக்கும். தெற்கிலிருந்து யூகோ என்னும் ஈரக்காற்று நாட்கணக்கில் வீசினாலும், மலையிலிருந்து பூரா என்னும் வறண்ட காற்று பாய்ந்தாலும் அதே கதை. ஆகவே ஸ்ப்ளிட்டில் எங்கே உண்பது என்று கேட்பவர் முதலில் திதி பார்க்க வேண்டும், பிறகு காற்றைப் பார்க்க வேண்டும். அந்த மூதாட்டியின் ஒற்றை விரல் சொன்னதை எந்தப் பட்டியலும் நமக்குச் சொல்லியிருக்கவில்லை.

கணவாய்க்கும் இதே நீதி. கோடைப் பயணி எல்லோரும் கேட்பது பொரித்த ஊசிக்கணவாய். அந்தக் கடலின் ஊசிக்கணவாய்க்கு உரிய காலமோ இலையுதிர் பருவமும் குளிர்காலமும். கோடையில் தட்டுதோறும் குவியும் வளையங்கள் எங்கிருந்து வருகின்றன? தென்னமெரிக்காவின் படகோனியக் கடலிலிருந்து உறைந்த கட்டியாக வருவது பெருவழக்கு. அட்ரியாடிக் கடலைப் பார்த்தபடி அட்லாண்டிக் கடலைத் தின்றுவிட்டு, கடற்கரைச் சுவைக்கு ஈடில்லை என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம்.

அப்படியானால் எங்கே? இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கலாம். ரீவாவின் மேற்கு முனையில் மத்தெயூஷ்கா என்றொரு சிறு படகுத்துறை இருக்கிறது. அதற்கு மேலே மர்யான் குன்றின் அடியில் வெலி வரோஷ். மீனவரும் உழவரும் வாழ்ந்த பழைய குடியிருப்பு, கல்வீடுகளும் ஆள் உரசும் சந்துகளும். கொனோபா என்பதற்கு வீட்டின் கீழறை என்று பொருள்; மதுவும் எண்ணெயும் உப்பிட்ட மீனும் வைத்த அறை. அந்தப் பெயரை இன்று எல்லா உணவகமும் சூடிக்கொள்கிறது. ஆகவே பெயர்ப்பலகையை நம்பாமல் அடையாளங்களை நம்புங்கள். உணவுப் பட்டியல் சிறிதாக இருக்க வேண்டும். நாள்தோறும் மாற வேண்டும். கேட்டது இல்லை என்று சொல்லும் துணிவு பரிமாறுபவருக்கு இருக்க வேண்டும். மரெண்டா என்னும் முற்பகல் உணவு அங்கே வழக்கில் இருக்க வேண்டும். துறைமுகத்திலும் பட்டறையிலும் உழைப்பவர் வேலைக்கு நடுவே வந்து அமரும் மலிவான வேளை அது. இரவு விளக்கொளியில் உண்பதைக் காட்டிலும் அந்த முற்பகல் மேசையில் உண்பது நன்று.

அங்கே கேட்க வேண்டியவையும் எளியவை. இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் கனலில் வாட்டி ஆலிவ் எண்ணெய் தடவிய மத்தி. பக்கத்தில் உருளைக்கிழங்கோடு மசித்த பிளித்வாக் கீரை. தலையோடு பொரித்துக் கையால் எடுத்துத் தின்னும் கிரா என்னும் பொடிமீன். கணவாய் மையில் கருத்த சோறு. எல்லாவற்றினும் மேலாக ப்ருதெத்: கிடைத்த பலவகை மீனை வெங்காயத்தோடும் காடியோடும் ஒரே பானையில் இட்டுக் கொதிக்க வைப்பது. கரண்டி போட்டால் மீன் உடையும் என்பதால் பானையைப் பிடித்துக் குலுக்குவார்களே தவிரக் கிண்டமாட்டார்கள். விலை போகாத மீன்களை வைத்து மீனவர் வீட்டார் கண்டுபிடித்த உணவு அது. அந்தக் கரைக்கே உரிய உணவு எதுவென்று கேட்டால் இதைத்தான் சுட்டுவோம்.

இலக்கிய இதழ் வாசகருக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்கக்கூடும். அவருக்கு ஒரு கவிஞரை அறிமுகம் செய்கிறோம். ஸ்ப்ளிட்டிலிருந்து கப்பலேறினால் சேரக்கூடிய ஹ்வார் தீவின் ஸ்தாரி கிராத் ஊரில் 1487இல் பிறந்தவர் பெதார் ஹெக்தோரொவிச். நிலவுடைமைக் குடியினர். த்வர்தாள் என்னும் தம் கோட்டை வீட்டின் நடுவே கடல்நீர்க் குளம் வெட்டி மீன் வளர்த்தவர். அந்தக் குளத்தை இன்றும் காணலாம். குளத்துக்கு வேலையாளை அனுப்பினால் தட்டுக்கு மீன் வரும். இருந்தும் எழுபதை நெருங்கிய வயதில் பாஸ்கொயே, நிக்கோலா என்னும் இரு மீனவரோடு மூன்று நாள் படகில் போனார். அந்தப் பயணமே 1568இல் வெனிஸில் அச்சான "மீன்பிடித்தலும் மீனவர் உரையாடலும்" என்ற நெடுங்கவிதை. அதில் மீனவர் பெயரோடு வருகிறார்கள், விடுகதை போடுகிறார்கள், பாடுகிறார்கள். அவர்கள் பாடிய பாட்டின் இசைக்குறிப்பையும் கவிஞர் சேர்த்துப் பதித்தார். குரோஷிய இலக்கிய வரலாறு இந்நூலைப் போற்றுவதற்கு முதற்காரணம், மீனவரின் சொல்லை ஒரு பிரபு செவிசாய்த்துக் கேட்டதுதான். குளம் இருந்தும் கடலுக்குப் போன அந்த முதியவரே இந்தப் பொருளில் நமக்கு ஆசான். நமக்கோ கடல் எதிரே இருந்தும் கூண்டு மீன் போதுமானதாக இருக்கிறது.

எதிர்வாதங்கள் உண்டு, மறைக்கவில்லை. பயணிகளின் பணத்தில்தானே அந்த ஊர் வாழ்கிறது, உபதேசம் செய்ய நீங்கள் யார் என்பது முதலாவது. உண்மைதான். 2021 கணக்கெடுப்பில் 39 லட்சம் மக்கள்கூட இல்லாத நாட்டில், 2023இல் பதிவான பயணியர் வருகை இரண்டு கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் கூனா நாணயம் போய் யூரோ வந்தது. இத்தனை பேர் வரும் இடத்தில் ஒவ்வொருவரும் எதைக் கேட்கிறார் என்பது அற்ப விஷயமாகுமா? போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. கேட்பதை மாற்றுங்கள் என்கிறோம். பழைய நகரின் வீடுகள் பயணியர் விடுதிகளாக மாறிவரும் காலத்தில், மரெண்டா மேசைகள் நிலைப்பதற்கு அங்கே உண்பவர் வேண்டும்.

இரண்டாவது வாதம் வலியது. எல்லோரும் மத்தியைத் தின்னத் தொடங்கினால் மத்தி என்னாகும்? அட்ரியாடிக்கில் மத்தியும் நெத்திலியும் ஏற்கெனவே அளவுமீறிப் பிடிக்கப்படுகின்றன. அதற்கென்றே மத்தியதரைக் கடல் மீன்வள ஆணையம் 2021இல் பல்லாண்டுத் திட்டம் ஒன்றை ஏற்றது. ஆனால் நாம் கேட்பது மேலும் பிடிக்கச் சொல்லி அன்று. பிடித்ததை மனிதர் உண்ணட்டும், கூண்டுச் சூரைக்குக் கொட்ட வேண்டாம் என்றுதான். கடலை மூடினால் கடல் மீளும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. நடு அட்ரியாடிக்கின் யாபுகா பள்ளத்தில் 2017 முதல் அடிமடி இழுவலைக்குத் தடை விதித்தார்கள். அங்கே மீன்வளம் தேறிவருவதை ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார்கள். கட்டுப்பாடும் பசியும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

உணவகத்தின் பெயர் ஒன்றுகூடச் சொல்லவில்லையே என்று நண்பர்கள் குறைப்படுவார்கள். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் இக்கட்டுரையும் இன்னொரு பட்டியலாகிவிடும். அந்த மேசையில் அமரும் துறைமுகத் தொழிலாளிக்கு அடுத்த கோடையில் இடம் இராது. சந்தை இருக்குமிடம் சொன்னோம், படகுத்துறையைச் சொன்னோம், வேளையைச் சொன்னோம், நிலவைச் சொன்னோம். காலையில் சந்தைக்குப் போங்கள். கல்மேடையில் எது மிகுதியாகக் கிடக்கிறது என்று பாருங்கள். முற்பகலில் வெலி வரோஷ் சந்து ஒன்றில் நுழைந்து அதையே கேளுங்கள். இல்லை என்றால் எழுந்துவிடாதீர்கள். என்ன இருக்கிறது என்று கேட்டு அதை உண்ணுங்கள். அன்று முழுநிலவாக இருந்தால், கீரையும் ரொட்டியும் உப்பிட்ட நெத்திலியும் போதும்.